திரைப்படக் கல்வியின் அடிப்படைகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சினிமாவைப் பாடமாகப் படிக்கத் தொடங்குகிறவர்களும், விமர்சனம் எழுத ஆசைப்படுகிறவர்களும், படம் பார்ப்பதில் இன்னும் கொஞ்சம் உள்ளே போக நினைக்கிறவர்களும் வழக்கமாகக் கேட்கும் கேள்விகள் இவை. எல்லாப் பதில்களுக்கும் அடியில் ஒரே எண்ணம்தான் ஓடுகிறது: திரையில் தெரிவதும் கேட்பதும் பெரும்பாலும் யாரோ எடுத்த முடிவு, அது வேறு மாதிரியும் இருந்திருக்கலாம். கலைச்சொற்கள் அந்த முடிவுகளை அடையாளம் காணத்தான்.

திரைப்படக் கல்வி என்றால் படம் எடுக்கக் கற்றுக்கொள்வதா?

இல்லை. படம் எடுப்பதற்கு ஒளிப்பதிவு, படத்தொகுப்பு, இயக்கம் என்று தனித்தனிப் பயிற்சிகள் இருக்கின்றன. திரைப்படக் கல்வி, எடுத்து முடித்த படத்தை எதிரே வைத்துக்கொண்டு, இது எப்படி வேலை செய்கிறது, எந்தக் காலத்தில், எந்தச் சூழலில், யாருக்காக உருவானது என்று கேட்கிறது. ஆனாலும் இரண்டுக்கும் நடுவே சுவர் கிடையாது. 1920களில் சோவியத் இயக்குநர்கள் படமும் எடுத்தார்கள், கோட்பாடும் எழுதினார்கள். 1950களில் பாரிஸில் விமர்சனம் எழுதிக்கொண்டிருந்த இளைஞர்கள் சிலர் பத்து வருடத்துக்குள் உலகம் கவனிக்கும் இயக்குநர்களானார்கள்.

இப்படிப் பிரித்துப் பார்த்தால் ரசனை கெட்டுவிடாதா?

கெடாது. முதல் சில வாரங்கள் கதையை விட்டுவிட்டு வெட்டுகளை (படம் ஒரு துண்டிலிருந்து அடுத்த துண்டுக்கு மாறும் இடங்களை) எண்ணிக்கொண்டிருப்பீர்கள், அது உண்மை. அப்புறம் அது அடங்கிவிடும். இசை கற்றவர் ராகத்தை அடையாளம் கண்டுகொண்டே பாட்டில் கரைந்துபோவது போலத்தான் இதுவும். ஒரு காட்சி ஏன் நம்மை அழவைத்தது என்று தெரிந்த பிறகும் அது அழவைக்கத்தான் செய்கிறது.

பிரேம், ஷாட், சீன், சீக்வென்ஸ் – என்ன வேறுபாடு?

திரையில் ஓடும் ஒவ்வொரு அசையாப் படமும் ஒரு பிரேம். பேசும் படங்கள் வந்தபோது நொடிக்கு 24 பிரேம் என்பது நிலைபெற்றது. அதற்கு முன் கேமராவைக் கையால் சுழற்றியதால் வேகம் படத்துக்குப் படம் மாறியது. பிரேம் என்ற சொல்லை இன்னொரு பொருளிலும் பயன்படுத்துவார்கள்: படத்தின் நான்கு விளிம்புகள். எது உள்ளே இருக்கிறது, எது வெளியே விடப்பட்டது என்று பேசும்போது இந்த இரண்டாவது பொருள்தான்.

முடிந்த படத்தில் ஒரு வெட்டுக்கும் அடுத்த வெட்டுக்கும் இடையில் உள்ளது ஷாட். படப்பிடிப்பில் அதே ஷாட்டைப் பலமுறை எடுப்பார்கள், ஒவ்வொரு முறையும் ஒரு டேக். ஓர் இடத்தில், ஒரே தொடர்ச்சியான நேரத்தில் நடப்பது சீன். பல சீன்கள் சேர்ந்து ஒரு முழுமையான கட்டமாக அமைந்தால் அது சீக்வென்ஸ்.

1895 டிசம்பர் 28 அன்று பாரிஸில் லூமியேர் சகோதரர்கள் கட்டணம் வாங்கித் திரையிட்ட படங்களில் ஒவ்வொன்றும் ஒரு நிமிடத்துக்கும் குறைவு, ஒரே ஷாட். அங்கே ஷாட்டும் படமும் ஒன்றுதான். சீன் என்று தனியாகப் பேச வேண்டிய தேவை, வெட்டி ஒட்டத் தொடங்கிய பிறகுதான் வந்தது.

லோ ஆங்கிள் என்றால் பலம், ஹை ஆங்கிள் என்றால் பலவீனம் என்கிறார்களே?

இதை நான் கடுமையாக மறுக்கிறேன். புதியவர்களை அதிகம் தடுமாற வைக்கும் பாதி உண்மை இது. கீழிருந்து மேலே பார்க்கும் கேமரா ஒருவரைப் பெரிதாகக் காட்டலாம். அதே கோணம், தோற்றுக்கொண்டிருக்கும் மனிதனின் தலைக்கு மேல் கூரை அழுத்துவதைக் காட்டவும் பயன்படும். பொருள் கோணத்தில் மட்டும் இல்லை, அந்தப் படம் அந்தக் கோணத்தை எங்கெல்லாம் பயன்படுத்துகிறது என்பதில் இருக்கிறது. அகராதி வைத்து ஷாட்டுக்குப் பொருள் சொல்ல முடியாது.

இன்னொரு குழப்பமும் உண்டு. கேமராவின் உயரம் வேறு, கோணம் வேறு. ஜப்பானிய இயக்குநர் யசுஜிரோ ஓசு பெரும்பாலும் கேமராவைத் தரைக்குச் சற்று மேலே வைப்பார். ஆனால் அது அண்ணாந்து பார்ப்பதில்லை, ஏறக்குறைய நேராகவே பார்க்கிறது. உயரம் குறைவு, கோணம் சமம். அதனால் அவர் பாத்திரங்கள் யாரும் ராட்சதர்களாகத் தெரிவதில்லை, பாயில் உட்கார்ந்திருப்பவர்கள் நமக்கு நேரெதிரே இருக்கிறார்கள்.

அளவுகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மனிதன் சூழலுக்குள் சிறியவனாகத் தெரிந்தால் லாங் ஷாட், இடுப்புக்கு மேல் என்றால் மிட் ஷாட், முகம் மட்டும் என்றால் குளோஸ்-அப், கண் மட்டும் என்றால் எக்ஸ்ட்ரீம் குளோஸ்-அப். இவற்றுக்கு நடுவில் இருப்பவை கண்ணளவு மதிப்பீடுகளே.

ஜூமும் ட்ராலியும் ஒன்றுதானே? இரண்டிலும் உருவம் பெரிதாகத்தானே ஆகிறது?

உருவத்தின் அளவை மட்டும் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். பின்னணியைக் கவனியுங்கள். ட்ராலியில் கேமராவே நகர்கிறது. முன்னால் இருக்கும் பொருள் வேகமாகப் பெரிதாகும், தூரத்தில் இருப்பது மெதுவாக மாறும், பக்கத்தில் இருந்தவை நம்மைக் கடந்து போகும். நாம் அந்த இடத்துக்குள் நடந்து போகிறோம். ஜூமில் கேமரா நின்ற இடத்திலேயே நிற்கிறது, லென்ஸின் குவியத்தூரம்தான் மாறுகிறது. முன்னே உள்ளதும் பின்னே உள்ளதும் ஒரே விகிதத்தில் பெரிதாகும்.

இரண்டையும் எதிரெதிர்த் திசையில் சேர்த்துச் செய்தால் என்ன ஆகும்? நடுவில் உள்ள உருவம் அதே அளவில் இருக்க, பின்னணி மட்டும் விரியும் அல்லது நெருங்கும். ஹிட்ச்காக்கின் 'வெர்டிகோ' (1958) படத்தில் உயரத்தைக் கண்டு பயப்படுகிறவனின் தலைசுற்றலைக் காட்ட இதைப் பயன்படுத்தினார்கள். ட்ராலிக்கும் ஜூமுக்கும் உள்ள வேறுபாடு புரியாவிட்டால் அந்த ஷாட் எப்படிச் சாத்தியமானது என்பதும் புரியாது.

மிஸ்-ஆன்-சென் என்றால் என்ன?

கேமராவுக்கு முன்னால் அடுக்கி வைக்கப்பட்ட எல்லாமும்: அரங்கம், உடை, ஒப்பனை, ஒளி, நடிகர்கள் நிற்கும் இடம், அவர்கள் அசையும் விதம். நாடக மேடையிலிருந்து வந்த கருத்து இது. சிலர் கேமராவின் சட்டகத்தையும் (பிரேமின் விளிம்புகளையும்) அசைவையும் இதற்குள் சேர்ப்பார்கள், சிலர் சேர்க்கமாட்டார்கள். நீங்கள் எழுதும்போது எந்தப் பொருளில் சொல்கிறீர்கள் என்பதை மட்டும் தெளிவாக்கிவிடுங்கள்.

நல்ல உதாரணம் 'சிட்டிசன் கேன்' (1941) படத்தில் உள்ள சிறுவயதுக் காட்சி. வீட்டுக்குள் தாய் மேசையருகே உட்கார்ந்து மகனை வேறொருவர் பொறுப்பில் விடும் பத்திரத்தில் கையெழுத்துப் போடுகிறாள். தந்தை சற்றுத் தள்ளி நின்று எதிர்க்கிறார். பின்னால், ஜன்னலுக்கு வெளியே, பனியில் விளையாடும் சிறுவன் மிகச் சிறியதாகத் தெரிகிறான். அவன் வாழ்க்கை முன்னால் முடிவாகிறது, அவனுக்கு எதுவும் தெரியாது. ஒரு வசனமும் இதைச் சொல்லவில்லை. மூவரும் நிற்கும் இடம் சொல்கிறது.

அதே படத்தைச் சொல்லித்தான் 'டீப் ஃபோகஸ்' பற்றியும் பேசுகிறார்கள். அது வேறா?

வேறு, ஆனால் கைகோத்து வருவது. அருகில் இருப்பது, நடுவில் இருப்பது, தூரத்தில் இருப்பது எல்லாம் ஒரே நேரத்தில் தெளிவாகத் தெரிவதுதான் டீப் ஃபோகஸ். அகன்ற கோண லென்ஸ், சிறிய அப்பர்ச்சர் (லென்ஸில் ஒளி நுழையும் துளை), அதற்கு ஈடுகொடுக்க நிறைய ஒளி – இவை சேர்ந்தால் கிடைக்கும். அந்தப் படத்தின் ஒளிப்பதிவாளர் கிரெக் டோலண்ட் இதில் பெரிய வல்லுநர். அங்கே ஆழமாகத் தெரிகிற எல்லா ஷாட்டும் லென்ஸால் மட்டுமே வந்தவை அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். சிலவற்றில் ஒரே ஃபிலிமில் இருமுறை பதிவு செய்யும் தந்திரம் இருக்கிறது.

பிரெஞ்சு விமர்சகர் ஆந்த்ரே பசான் இந்த முறையை மிகவும் கொண்டாடினார். எங்கே பார்க்க வேண்டும் என்பதை வெட்டுகள் முடிவு செய்யாமல், பார்வையாளரின் கண்ணுக்கு விட்டுவிடுகிறது என்பது அவர் வாதம். பாதிக்கு மேல் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஆழமான ஷாட்டிலும் ஒளியும் அசைவும் நம் கண்ணை இழுத்துக்கொண்டுதான் இருக்கின்றன. சுதந்திரம் இருக்கிறது, அதற்கும் ஒரு ஏற்பாடு இருக்கிறது.

ஹை-கீ, லோ-கீ ஒளியமைப்பு?

ஸ்டூடியோ ஒளியமைப்பில் மூன்று விளக்குகள் அடிப்படை: முதன்மை ஒளியான கீ லைட், அது உண்டாக்கும் நிழலைத் தணிக்கும் ஃபில் லைட், உருவத்தைப் பின்னணியிலிருந்து பிரிக்கும் பேக் லைட். ஃபில் அதிகமாக இருந்து நிழல் மெலிந்தால் ஹை-கீ. ஃபில் குறைந்து இருட்டும் வெளிச்சமும் முட்டிக்கொண்டால் லோ-கீ. சட்டகம் எவ்வளவு வெளிச்சமாக இருக்கிறது என்பதைவிட, கீ லைட்டுக்கும் ஃபில் லைட்டுக்கும் உள்ள விகிதம்தான் முக்கியம்.

இயல்பான ஒளியில் எடுத்த படம்தானே யதார்த்தமான படம்?

யதார்த்தமும் உருவாக்கப்படுவதுதான். சத்யஜித் ராயின் 'அபராஜிதோ' (1956) படத்துக்காகக் காசி வீட்டின் முற்றம் ஸ்டூடியோவில் கட்டப்பட்டது. வானத்திலிருந்து முற்றத்தில் இறங்கும் பரவலான, நிழலற்ற பகல் வெளிச்சம் வேண்டும். ஒளிப்பதிவாளர் சுப்ரதா மித்ரா, மேலே வெள்ளைத் துணியை விரித்துக் கட்டி, கீழிருந்து விளக்குகளை அதன் மேல் அடித்து, திரும்பி வரும் ஒளியில் படமெடுத்தார். பார்க்கிறவர்களுக்கு அது நிஜ வீடாகவே தெரிந்தது.

இத்தாலிய நியோரியலிசத்தையும் (போருக்குப் பின் எளிய மனிதர்களின் வாழ்க்கையை யதார்த்தமாகக் காட்ட முயன்ற பட இயக்கம்) இப்படித்தான் அணுக வேண்டும். 'பைசைக்கிள் தீவ்ஸ்' (1948) படத்தின் நாயகன் தொழில்முறை நடிகர் இல்லை, ஆலைத் தொழிலாளி. படப்பிடிப்பு ரோம் தெருக்களில் நடந்தது. இவை தெரிந்தெடுத்த முடிவுகள். அவற்றுக்குப் பின்னால் மிகக் கவனமாக எழுதப்பட்ட திரைக்கதை இருக்கிறது. யதார்த்தம் என்பது ஒரு பாணி என்று சொன்னால் அதன் மதிப்பு குறைந்துவிடாது. எவ்வளவு உழைப்பில் அது வந்தது என்பது அப்போதுதான் தெரியும்.

180 டிகிரி விதி எதற்கு? மீறினால் தவறா?

இருவர் எதிரெதிரே பேசுகிறார்கள். அவர்களை இணைத்து ஒரு கற்பனைக் கோடு போடுங்கள். கேமரா அந்தக் கோட்டின் ஒரே பக்கத்தில் இருக்கும்வரை, ஒருவர் எப்போதும் வலப்புறம் பார்ப்பார், மற்றவர் இடப்புறம் பார்ப்பார். கோட்டைத் தாண்டினால் இருவரும் ஒரே பக்கம் பார்ப்பது போலாகி, யார் எங்கே இருக்கிறார் என்று ஒரு கணம் குழம்பும். வெட்டு கண்ணில் படாமல், இடமும் நேரமும் அறுபடாமல் ஓட வைக்கும் தொடர்ச்சிப் படத்தொகுப்பின் விதிகளில் இது ஒன்று.

மீறினால் தவறு என்று சொல்ல முடியாது. மேலே சொன்ன ஓசு இந்தக் கோட்டை அடிக்கடி தாண்டினார். கேமராவைச் சுற்றிலும் எந்தப் பக்கத்திலும் வைக்கலாம் என்ற முறையிலேயே தன் காட்சிகளை அமைத்தார். குழப்பம் வராததற்குக் காரணம், அவர் அதை ஒழுங்காகவும் திரும்பத் திரும்பவும் செய்தார்.

மாண்டேஜ் என்றால் வேகமாக ஓடும் துண்டுக் காட்சிகள்தானே?

இன்று பேச்சு வழக்கில் அப்படித்தான். ஒரு பாட்டுக்குள் நாயகன் வளர்ந்து, படித்து, வேலைக்குப் போய்விடுவான். நீண்ட காலத்தைச் சுருக்கும் அந்த முறையை மாண்டேஜ் என்கிறோம். அது சரிதான். ஆனால் கோட்பாட்டில் இந்தச் சொல்லுக்கு வேறு எடை உண்டு.

புரட்சிக்குப் பிந்தைய ரஷ்யாவில் லெவ் குலெஷோவ் செய்த சோதனையிலிருந்து தொடங்கலாம். மொஸ்ஜூகின் என்ற நடிகரின் உணர்ச்சி காட்டாத முகம். அதே முகத்தை ஒருமுறை சூப் கிண்ணத்தோடும், ஒருமுறை சவப்பெட்டியோடும் ஒட்டினார்கள். பார்த்தவர்கள் முதலில் பசியையும் அடுத்து துக்கத்தையும் கண்டு நடிப்பைப் பாராட்டினார்கள் என்று சொல்லப்படுகிறது. அந்தப் படச்சுருள் இன்று இல்லை. அதை நினைவுகூர்ந்தவர்கள் விவரங்களைக் கொஞ்சம் மாற்றி மாற்றித்தான் சொல்கிறார்கள். ஆனால் சொல்ல வந்த விஷயம் உறுதியானது: ஷாட்டின் பொருள் அதற்குள் மட்டும் இல்லை, பக்கத்தில் எது வருகிறது என்பதிலும் இருக்கிறது.

செர்கேய் ஐசன்ஸ்டீன் இன்னும் ஒரு படி போனார். இரண்டு ஷாட்கள் மென்மையாக இணையக் கூடாது, மோத வேண்டும் என்றார். அந்த மோதலில் இரண்டிலும் இல்லாத மூன்றாவது எண்ணம் பிறக்கும். 'பேட்டில்ஷிப் பொட்டெம்கின்' (1925) படத்தில் ஒடெஸா படிக்கட்டுப் படுகொலையை அடுத்து மூன்று கல் சிங்கங்கள் வருகின்றன: ஒன்று உறங்குகிறது, ஒன்று விழிக்கிறது, ஒன்று எழுகிறது. மூன்றும் வெவ்வேறு சிலைகள். அடுத்தடுத்து வெட்டியதும் ஒரே சிங்கம் துள்ளி எழுவது போல இருக்கிறது. கல்லே பொறுக்காமல் எழுந்துவிட்டது என்ற எண்ணம் எந்தச் சிலையிலும் இல்லை, வெட்டில் இருக்கிறது. திரைப்படக் கல்வியில் ஒரே ஒரு விஷயத்தைத்தான் கற்க நேரமிருக்கிறது என்று யாராவது சொன்னால், நான் இதைத்தான் கற்கச் சொல்வேன்.

ஜம்ப் கட், மேட்ச் கட்?

ஒரே ஆளை, ஏறக்குறைய ஒரே கோணத்தில் எடுத்த ஷாட்டின் நடுவில் ஒரு துண்டை நீக்கிவிட்டால் படம் தாவும், அது ஜம்ப் கட். பிரெஞ்சு இயக்குநர் கோதாரின் 'பிரெத்லெஸ்' (1960) படத்தில் காரில் போகும் பெண்ணின் தலை அப்படியே இருக்க, பின்னணித் தெரு மட்டும் வெட்டுக்கு வெட்டு மாறிக்கொண்டே இருக்கும். மேட்ச் கட் இதற்கு எதிர். வடிவமோ அசைவோ இரண்டு ஷாட்களையும் பிணைக்கும். '2001: எ ஸ்பேஸ் ஒடிஸி' (1968) படத்தில் ஆதிமனிதன் எறிந்த எலும்பு, ஒரே வெட்டில், விண்வெளியில் மிதக்கும் கலமாகிறது.

லாங் ஷாட்டும் லாங் டேக்கும் ஒன்றா?

இல்லை. முதலாவது தூரம், இரண்டாவது நேரம். குளோஸ்-அப்பில்கூட லாங் டேக் எடுக்கலாம். ஃபிலிம் காலத்தில் கேமராவில் போடும் சுருள் பத்து நிமிடம்தான் தாங்கும் என்பதால் அதற்கு மேல் போக முடியாது. ஹிட்ச்காக் 'ரோப்' (1948) படத்தில் ஒருவரின் கோட் முதுகு திரையை மறைக்கும் இடங்களில் சில வெட்டுகளை ஒளித்து வைத்தார். டிஜிட்டல் வந்த பிறகு அந்தத் தடை போயிற்று. அலெக்சாண்டர் சொகுரோவின் 'ரஷ்யன் ஆர்க்' (2002) 90 நிமிடத்துக்கு மேல் ஒரே ஷாட்டில், செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கின் ஹெர்மிடேஜ் அருங்காட்சியகத்துக்குள் எடுக்கப்பட்டது.

ஒலியைப் பற்றிப் பேச எந்தச் சொற்கள் தேவை?

முதலில் ஒரு பிரிவினை. பாத்திரங்களுக்கும் கேட்கக்கூடியது கதையுலக ஒலி: வசனம், காலடி, வானொலியில் ஓடும் பாட்டு. நமக்கு மட்டும் கேட்பது கதைக்கு வெளியிலான ஒலி: பின்னணி இசை, கதைசொல்லியின் குரல். பாடல் காட்சிகளில் இந்த எல்லை கலந்துவிடும். பாடுகிறவர் கதைக்குள் நிற்கிறார், அவருக்கு வாசிக்கும் வாத்தியக் குழு எங்கும் இல்லை.

அடுத்தது, ஒலி எழும் இடம் சட்டகத்துக்குள் இருக்கிறதா, வெளியே இருக்கிறதா என்பது. ஃபிரிட்ஸ் லாங்கின் 'எம்' (1931) படத்தில் கொலைகாரன் ஒரு மெட்டைச் சீட்டியடிக்கிறான். ஆள் திரையில் இல்லாதபோதும் சீட்டி கேட்டால் போதும், நமக்கு வயிறு கலங்கும். கடைசியில் அவனை அடையாளம் காண்பதும் ஒரு பார்வையற்ற பலூன் வியாபாரிதான், அதே மெட்டைக் கேட்டு. பேசும் படம் வந்து சில வருடங்களே ஆன காலத்தில் இது நடந்தது என்பது இன்றும் எனக்கு வியப்பு.

காலடி, துணி உரசல், கதவுச் சத்தம் போன்றவற்றைப் படத்தைப் பார்த்தபடியே ஸ்டூடியோவில் செய்து பதிவதற்கு ஃபோலி என்று பெயர். யுனிவர்சல் ஸ்டூடியோவில் வேலை பார்த்த ஜாக் ஃபோலியின் பெயர் அது.

கதை வேறு, கதையமைப்பு வேறு என்கிறார்களே?

நிகழ்வுகள் நடந்த வரிசையில் நம் மனம் கட்டிக்கொள்வது கதை. படம் எந்த வரிசையில், எதை மறைத்து, எதை நீட்டிக் காட்டுகிறதோ அது கதையமைப்பு. குரோசவாவின் 'ரஷோமோன்' (1950) ஒரே குற்றத்தை நான்கு பேர் வாயிலாகச் சொல்கிறது. அங்கே நான்கையும் சேர்த்து உறுதியான ஒரே கதையைக் கட்டவே முடியாது. படத்தின் வலிமை அதில்தான்.

யாருக்கு எவ்வளவு தெரியும் என்பதும் இங்கே வரும். நாயகனுக்குத் தெரிந்தது மட்டும் நமக்கும் தெரிந்தால் திடுக்கிடுவோம். மேசைக்கடியில் வெடிகுண்டு இருப்பது அவனுக்குத் தெரியாமல் நமக்கு மட்டும் தெரிந்தால் பதறுவோம். ஹிட்ச்காக் அடிக்கடி விளக்கிய வேறுபாடு இது.

ஜானர் (பட வகை) என்பது விளம்பரத்துக்கான பெயர்தானே?

விளம்பரத்துக்கும் பயன்படுகிறது. ஆனால் அது தயாரிப்பவருக்கும் பார்ப்பவருக்கும் இடையிலான எதிர்பார்ப்பும்கூட. சில ஜானர்கள் பின்னாளில் பெயர் பெற்றவை. 1940களில் அமெரிக்காவில் இருண்ட குற்றப்படங்கள் எடுத்தவர்கள் தாங்கள் 'ஃபிலிம் நுவார்' எடுப்பதாக நினைக்கவில்லை. அந்தப் பெயரை 1946இல் அவற்றுக்குச் சூட்டியது நினோ ஃபிராங்க் என்ற பிரெஞ்சு விமர்சகர்.

படத்தின் ஆசிரியர் இயக்குநர் என்பது எப்படி வந்தது?

1951இல் பசானும் நண்பர்களும் பாரிஸில் 'காயே து சினேமா' இதழைத் தொடங்கினார்கள். அதில் 1954இல் பிரான்சுவா த்ரூஃபோ எழுதிய கட்டுரை, இலக்கியத்தைப் பணிவாகப் படமாக்கும் அன்றைய பிரெஞ்சு மரபைத் தாக்கியது. தன் பார்வையைப் படத்தில் பதிக்கும் இயக்குநரே ஆசிரியர் என்ற எண்ணம் அந்த வட்டத்தில் வலுப்பட்டது. 1962இல் அமெரிக்க விமர்சகர் ஆண்ட்ரூ சாரிஸ் அதைக் கோட்பாடாக எழுத, அடுத்த வருடமே இன்னொரு அமெரிக்க விமர்சகர் பாலின் கேல் காட்டமாக மறுத்தார்.

ஸ்டூடியோவின் கட்டளைக்கு வேலை செய்தவர்களுக்கும் தனிப் பார்வை இருக்க முடியும் என்று காட்டியது இந்த எண்ணத்தின் பெரிய நன்மை. ஆனால் சுப்ரதா மித்ரா விரித்த வெள்ளைத் துணியை நினைத்துப் பாருங்கள். அந்த ஒளிக்கு ஆசிரியர் யார்? ஒளிப்பதிவாளர், படத்தொகுப்பாளர், எழுத்தாளர் ஆகியோரின் பெயர்களை விட்டுவிட்டு எழுதும் பழக்கத்தை இந்தக் கோட்பாடுதான் வளர்த்தது. அதை நாம் திருத்திக்கொள்ள வேண்டும்.

'ஆண் பார்வை' என்ற கருத்து எல்லா ஆண் இயக்குநர்களையும் குற்றம் சொல்கிறதா?

இல்லை. பிரிட்டிஷ் திரைப்படக் கோட்பாட்டாளர் லாரா மல்வி 1975இல் 'ஸ்கிரீன்' இதழில் எழுதிய கட்டுரை தனிமனிதர்களைவிட ஓர் அமைப்பைப் பற்றியது. மரபான ஹாலிவுட் படத்தில் கேமரா பார்க்கிறது, பாத்திரங்கள் பார்க்கிறார்கள், பார்வையாளர்கள் பார்க்கிறார்கள். இந்த மூன்று பார்வைகளும், ஆண் பார்ப்பவனாகவும் பெண் பார்க்கப்படுபவளாகவும் அமையும்படி ஒழுங்குபடுத்தப்படுகின்றன என்றார். கறுப்பினப் பெண்கள் எப்படிப் பார்க்கிறார்கள், பெண் பார்வையாளரின் இன்பம் எங்கே போயிற்று என்று அடுத்து வந்தவர்கள் கேட்டார்கள். மல்வியே தன் வாதத்தைப் பின்னர் மறுபரிசீலனை செய்தார். சோதித்துப் பார்க்க எளிய வழி உண்டு: நாயகி முதலில் தோன்றும் ஷாட்டில் கேமரா எங்கிருந்து தொடங்குகிறது, யாருடைய கண்களை அடுத்து அந்த ஷாட் வருகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

எங்கிருந்து ஆரம்பிப்பது?

பிடித்த படத்திலிருந்து மூன்று நிமிடக் காட்சி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் தடவை ஒலியை நிறுத்திவிட்டுப் பார்த்து, ஒவ்வொரு வெட்டுக்கும் ஒரு கோடு போடுங்கள். அடுத்த தடவை திரையைப் பார்க்காமல் கேட்டு, கதையுலக ஒலி எது, வெளி ஒலி எது என்று பிரியுங்கள். பிறகு முழுதாகப் பார்த்துவிட்டு ஷாட் ஷாட்டாக எழுதுங்கள்: அளவு, கோணம், அசைவு, யார் எங்கே நிற்கிறார், ஒளி எந்தப் பக்கம். இந்தக் கட்டத்தில் 'அழகான', 'அற்புதமான' போன்ற சொற்கள் வேண்டாம். அப்புறம் ஒரே ஒரு ஷாட்டைத் தேர்ந்தெடுத்து, அது இன்னும் இரண்டு நொடி முன்னால் வெட்டப்பட்டிருந்தால், அல்லது குளோஸ்-அப்புக்குப் பதில் லாங் ஷாட்டாக இருந்திருந்தால் காட்சி எப்படி மாறியிருக்கும் என்று ஒரு பத்தி எழுதுங்கள். கோட்பாட்டு நூல்களை அதன் பிறகு எடுத்தால் போதும், அவற்றில் வரும் வாதங்களைச் சோதித்துப் பார்க்க உங்களிடம் ஒரு காட்சி தயாராக இருக்கும்.